விளக்கு அணையாத குழி

வெள்ளிக்கிழமை வந்தால் இப்போதும் அன்று என்ன வேலை என்று கேட்காமல் என் கணவரைக் காலையில் வெளியே விடமாட்டேன். அவர் வேலை பார்க்கும் பேரணாம்பட்டு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அன்றுதான் தோலைச் சுழற்றும் டிரம்கள் நிற்கும். தொழுகைக்காக ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். தோல் கழுவும் தண்ணீரும் நின்றுவிடும். ஓட்டத்தில் செய்ய முடியாத வேலைகளை அந்த இடைவெளியில்தான் செய்வார்கள். பெல்ட் மாற்றுவது, வால்வு பார்ப்பது, அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திவிடுவது. குழாய் அடைப்பு என்றால் கழிவுநீர் சேரும் நிலத்தடிக் குழிக்குள் ஓர் ஆள் இறங்க வேண்டும். இறங்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய தொட்டிக்கு லாரியும் மெஷினும் வரும். சின்னக் குழிக்கு, "அஞ்சு நிமிஷ வேலப்பா" என்று யாராவது ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொள்வார்.

கணவர் அங்கே சூப்பர்வைசர். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பி.காம். படித்தவள். எங்களுக்கு ஒரே மகள். வேலூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள்; தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

அவளுக்குக் கல்லூரியில் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். உங்கள் ஊர் மக்களுக்குப் பயன்படும்படி ஒரு பக்கம், தமிழில், படத்தோடு எழுத வேண்டும். தகவலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைக் கீழே குறிப்பிட வேண்டும். கூடப் படிக்கும் பிள்ளைகள் டெங்கு, பிளாஸ்டிக் என்று எழுதினார்கள். இவள் அப்பாவின் குழியை எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அப்பா, குழில எறங்கறதுக்கு முன்னாடி உள்ள காத்து நல்லா இருக்குதான்னு எப்டி பாப்பீங்க?"

"இதுல இன்னா இருக்கு? விளக்கு கட்டி எறக்குவோம். எரிஞ்சா எறங்கலாம். அணைஞ்சா கிட்டயே போகக் கூடாது."

"டேனரில சொல்லிக் குடுத்தாங்களா?"

"யாரும் சொல்லல. ஊர்ல கெணத்துக்குச் செய்றதுதான். கெணறும் குழி, இதுவும் குழி."

அவர் ஊர் கணியம்பாடி பக்கம், விவசாயக் குடும்பம். ரொம்ப நாள் யாரும் இறங்காத கிணற்றில் தூர் வாரவோ மோட்டார் பார்க்கவோ இறங்குவதற்கு முன் அங்கே கயிற்றில் ஒரு அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். பாதியில் அணைந்துவிட்டால் உள்ளே மூச்சுக்குக் காற்றில்லை என்று அர்த்தம். அந்த வழக்கம் பொய்யில்லை. கிணற்றில் அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் அவர் அதை டேனரிக்கும் கொண்டுவந்தார். நிலத்தை விட்டுத் தோலுக்கு வந்தவர்கள் பலரும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள்.

மகள் கைப்பேசியை எடுத்தாள். அவள் என்ன தேடினாள் என்பதைப் பிறகு எனக்குக் காட்டியிருக்கிறாள். குழியில் விஷவாயு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் கேட்கவில்லை. விளக்கு அணைந்தால் விஷவாயுவா என்றுதான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லும் பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. கிணறு வெட்டுபவர் ஒருவரின் வீடியோ, ஒரு உடல்நலப் பக்கம், இன்னும் சில. கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் செயலியிடமும் கேட்டாள். அது தயக்கமே இல்லாமல் வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தது. இத்தனை இடத்தில் ஒரே மாதிரி இருக்கிறது, அப்பாவும் அதையே சொல்கிறார், பிறகென்ன சந்தேகம்?

அவள் எழுதியது நன்றாக இருந்தது. விளக்கு ஒன்றை அவளே வரைந்திருந்தாள். விளக்கு தொடர்ந்து எரிந்தால் காற்று பாதுகாப்பானது என்று ஒரு வரி. நாற்றம் குறைந்துவிட்டால் வாயு கலைந்துவிட்டது என்று பொருள் என்று இன்னொரு வரி. என்னிடம்தான் படிக்கக் கொடுத்தாள். நான் ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தினேன்.

கல்லூரியில் அதற்கு நல்ல மதிப்பெண். துறையின் இணையப் பக்கத்திலும் போட்டார்கள். கணவர் கலரில் பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, குழிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"பசங்க இன்னா சொல்றானுங்க தெரியுமா? அண்ணே, நீங்க சொன்னா நம்ப மாட்டோம், உங்க பொண்ணு சொன்னா நம்புவோம்றானுங்க."

"நல்லாத்தான் சொல்லியிருக்காங்க" என்று மகள் சிரித்தாள்.

சில வாரம் கழித்து அது எங்கள் கம்பெனி வாட்ஸ்ஆப் குழுவுக்கே வந்தது. மேலே ரோஜாப்பூ, நடுவில் மகள் வரைந்த விளக்கு, கீழே 'வேலூர் கல்லூரி ஆராய்ச்சியில் நிரூபணம், உங்கள் சொந்தங்களுக்குப் பகிருங்கள்' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். ஆராய்ச்சி எங்கே நடந்தது? என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நடந்தது. ஆனாலும் அன்று எனக்கு அது உறுத்தவில்லை. என் மகள் எழுதியது என்று பக்கத்து டேபிள் பெண்ணிடம் காட்டினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்குக் காலையில் நூலக வகுப்பு. நூலகர் புதிதாக வந்தவர். எல்லோரும் தங்கள் பழைய அசைன்மென்டைக் கொண்டுவர வேண்டும். கீழே போட்ட ஒவ்வொரு ஆதாரத்தையும் பிடித்துக்கொண்டு, இது யாரிடமிருந்து எடுத்தது, அவர் யாரிடமிருந்து எடுத்தார் என்று, இனிமேல் போக இடமில்லை என்னும் வரை பின்னால் போக வேண்டும். பிள்ளைகளுக்கு எரிச்சல்.

"மார்க் போட்டப்புறம் எதுக்கு மேடம் போஸ்ட்மார்ட்டம்?" என்று ஒரு பையன் கேட்டானாம். வகுப்பே சிரித்ததாம்.

மகள் முதலில் வீடியோவைப் பிடித்தாள். வீடியோக்காரர் உடல்நலப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். உடல்நலப் பக்கம் ஒரு பழைய விவசாயக் கையேட்டிலிருந்து எடுத்திருந்தது. மற்றவையும் அதே இடத்தில்தான் போய் நின்றன. ஐந்து சாட்சி என்று அவள் நினைத்தது ஒரே சாட்சி. அந்தக் கையேடு பாசனக் கிணற்றைப் பற்றி மட்டுமே பேசியது. கடைசியில் ஒரு வரி இருந்தது: ரசாயனக் கழிவு சேரும் தொட்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. யாரோ முதலில் நகலெடுத்தபோது அந்த வரி விழுந்துவிட்டது. அதன் பிறகு எடுத்தவர்களுக்கு அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாது.

செயலியிடம் திரும்பவும் கேட்டாள். இந்த முறை அது ஆதாரத்தோடு பதில் சொன்னது. அந்த ஆதாரம் அவளுடைய பக்கம்தான், கல்லூரியின் பெயரோடு.

குழிக்குள் இருப்பது என்ன வாயு என்று அப்போதுதான் முதன்முறையாகத் தேடினாள். தோலில் முடி நீக்கும், சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே குழியில் கலந்தால் வருவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயுவை இளங்கலையில் லேபில் அவளே தயாரித்திருக்கிறாள். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். அப்பா அதைக் 'குழிக் காத்து' என்று சொன்னார். புத்தகம் வேறு பெயர் சொன்னது. இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஆளைச் சாய்க்கும் அளவு இருந்தாலும் அது விளக்கை அணைக்காது. அளவு கூடினால் முதலில் சாவது மூக்கு. நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் நினைக்கும் நேரம்தான் மோசமான நேரம்.

வகுப்பிலிருந்து அப்படியே எழுந்து வெளியே வந்து அப்பாவுக்கு ஃபோன் அடித்திருக்கிறாள். மணி போய்க்கொண்டே இருந்தது. குழி வேலை என்றால் அவர் கைப்பேசியைக் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். ஒருமுறை குனிந்தபோது பாக்கெட்டிலிருந்து உள்ளே விழுந்துவிட்டது. அதிலிருந்து அந்தப் பழக்கம்.

எங்கள் கம்பெனியிலும் கைப்பேசி உள்ளே போகாது. காலையில் செக்யூரிட்டி அறைப் பெட்டியில் போட்டுவிட்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் எடுத்துப் பார்க்கலாம். எடுத்தபோது திரை முழுக்க அவள் அழைப்புகள். கீழே ஒரு செய்தி: 'அம்மா அப்பாகிட்ட சொல்லு, யாரையும் குழில எறக்க வேணாம். விளக்கு தப்பு. நான் எழுதனது தப்பு.'

எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. காலையில் அவர் கிளம்பும்போது, "இன்னைக்கு அடைப்பு எடுக்கணும், லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போனது காதில் வந்து நின்றது. அவர் எண்ணுக்கு அடித்தேன். நல்லவேளை, தொழுகை முடிந்து கேட்டுக்குத் திரும்பியிருந்த வாட்ச்மேன் பாய் இந்த முறை எடுத்தார்.

"பாய், அவரக் குடுங்க, அவசரம்."

"குழிகிட்ட நிக்கிறாரு மா. ஆள் எறங்கற நேரம். முடிஞ்சதும் பேசச் சொல்றேன்."

"எறங்க வேணாம்னு சொல்லுங்க. உள்ள விஷக் காத்து இருக்கு."

"அதெல்லாம் பாத்தாச்சு மா. விளக்கு சூப்பரா எரியுது. நாத்தம்கூட இன்னைக்குக் கம்மிதான். நீங்க பேஜார் ஆவாதீங்க."

விளக்கு எரிகிறது, நாற்றம் குறைந்திருக்கிறது. நிம்மதி தர வேண்டிய இரண்டும், மகள் இப்போது தப்பு என்று சொல்லும் அந்தத் தாளின் வரிகள்.

"பாய், விளக்கப் பாத்து எறங்கறது தப்பாம். பொண்ணு இப்பதான் சொன்னா."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல.

"இன்னாமா நீங்க, உங்க பொண்ணு எழுதனதுதான செவுத்துல ஒட்டி இருக்கு? காலேஜே ஒத்துக்கினது. நான் தெனம் படிக்கிறேன் மா."

அந்தச் சுவரை நான் எதைக்கொண்டு இடிப்பேன்? அந்த வாயுவின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பாடம் நடத்த நேரமில்லை. உள்ளே ஒருவர் காலை வைத்துக்கொண்டிருக்கிறார். என் வாய் தானாகச் சொன்னது.

"பாய், பொண்ணுக்கு ஆக்சிடென்ட். பஸ் அடிச்சிடுச்சு. அவர ஓடி வரச் சொல்லுங்க."

"யா அல்லா" என்றார். கைப்பேசியை மேசையில் போட்டுவிட்டு அவர் ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் பெண்கள் டிபன் பாக்ஸ்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். உயிரோடிருக்கும் மகளைப் பஸ்ஸில் அடிபட வைத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன்.

கணவர் மூச்சிரைக்க ஃபோனுக்கு வந்தார். "இன்னா ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. குழில இருக்கற ஆள மேல ஏத்துங்க."

"இன்னாடி ஒளர்ற? பாப்பாக்கு இன்னா?"

"பாப்பா நல்லா இருக்கா. அந்தப் பேப்பர் தப்பு. விளக்கு அணையாது, ஆளு செத்துடுவான். மொதல்ல மேல ஏத்துங்க."

கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே அவர் குழிப் பக்கம் ஓடினார். பிறகு அவர் கத்துவது கேட்டது. "ஏய், கயித்த இழு! ஏறச் சொல்லு அவன!" அதற்குப் பிறகு பல குரல்கள். "ஏற மாட்றான்ணே." "டேய், பதில் சொல்லுடா." "இழு, இழு, தல இடிக்கப் போவுது." அழைப்பு துண்டிக்கப்படவில்லை. நான் கேட்டுக்கொண்டே கம்பெனியை விட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இறங்கியவர் ஆந்திர எல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறவர். என்னை அக்கா என்பார். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. ஏணியில் பாதிக்கு மேல் இறங்கியபோது முட்டி மடங்கிவிட்டது. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் தொங்கினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கியிருப்பார். அவரைத் தூக்க வேறொருவர். குழி இப்படித்தான் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் என்று பின்னால் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னார்.

நான் டேனரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். மூச்சு இருந்தது. டேனரிகளின் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஒரு இன்ஜினியர், விஷவாயுவை அளக்கும் கேஸ் மீட்டரோடு வந்திருந்தார். கையடக்கமான மஞ்சள் பெட்டி. பையன்கள் விளக்கையும் கூடவே இறக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ஒரு ஆள் உயரம்கூடப் போகவில்லை, பெட்டி அலறத் தொடங்கியது. அலறி, சிவப்பாக மின்னி, நிறுத்தவே இல்லை. அதன் பக்கத்தில் விளக்கு அசையாமல், அழகாக எரிந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் பாய் சுவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் போய் அந்தத் தாளைப் பிய்த்தார். சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து வந்தது.

அன்று வீட்டில் மகள் சாப்பிடவில்லை. கணவருக்குக் கோபம் என்மேல்.

"பெத்த பொண்ண வெச்சி அப்டி ஒரு பொய் சொல்லுவியா? குழிகிட்ட இருந்து கேட்டுக்கு ஓடி வர்றதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன்."

"நெஜத்தத்தான் மொதல்ல சொன்னேன். பாய் சிரிச்சாரு."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சிரிச்சாரா?"

"உன் பேப்பரப் படிச்சவரு. சிரிக்காம?"

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் அழவில்லை. கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தை நீக்கச் சொல்லிக் கல்லூரிக்கு எழுத உட்கார்ந்தாள். அவர்கள் மறுநாளே நீக்கிவிட்டார்கள். பெரிய எழுத்தில் ஒரு திருத்தமும் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்தை எங்கள் கம்பெனிக் குழுவில் நான் போட்டேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் பைக்கிலும் பஸ்ஸிலுமாக, அந்தத் தாளைக் கிழித்தெடுக்க டேனரி டேனரியாகப் போனோம். எதிர்பார்த்ததைவிட அதிக இடங்களில் அது இருந்தது. ஆம்பூருக்கு வெளியே ஓர் இடத்தில் மேனேஜர் எடுக்க விடவில்லை.

"படம் போட்டு நீட்டா இருக்குது. எதுக்குக் கிழிக்கச் சொல்றீங்க?"

"நான்தான் சார் எழுதுனேன். தப்பா எழுதிட்டேன்" என்றாள் மகள்.

அவர் தாளை உற்றுப் பார்த்தார். "உன் பேரு இதுல இல்லியே மா. கவர்மென்ட் சீல் இல்ல இருக்கு?"

உண்மைதான். கல்லூரியின் பெயர் போய், அந்த இடத்தில் அரசு முத்திரைபோல ஏதோ ஒன்று வந்திருந்தது. யார் போட்டது என்று எங்களுக்குத் தெரியாது. அந்தத் தாளைப் பொறுத்தவரை என் மகள் இப்போது யாரோ ஒருத்தி.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஒருமுறை பஸ் நின்றபோது பக்கத்தில் செப்டிக் டேங்க் லாரி ஒன்று நின்றது. கதவில் மகள் வரைந்த அந்த விளக்குப் படம். மகள் ஜன்னலில் கைநீட்டிக் கத்தினாள். டிரைவர் பார்த்துச் சிரித்துக் கையசைத்துவிட்டு, லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வண்டி எண்ணை நாங்கள் படிப்பதற்குள் நடுவில் வேறொரு லாரி வந்துவிட்டது. அந்த டிரைவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. செய்தித்தாளில் குழிச் சாவு என்று எதைப் பார்த்தாலும் முதலில் போட்டோவைத்தான் தேடுகிறேன்.

குழியில் மயங்கியவர் பிழைத்துவிட்டார். தலைவலியும் மறதியும் கொஞ்சம் தங்கிவிட்டன. எங்கள் டேனரியில் இப்போது மீட்டர் வாங்கிவிட்டார்கள். குழிக்குள் ஆள் இறங்குவதில்லை. ஆனால் மயங்கியவர் அங்கே திரும்பி வரவில்லை, வேறெங்கோ கிடைத்த வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம்.

இன்று அவர் எனக்கு ஃபோன் அடித்தார். வியாழக்கிழமை சாயங்காலம்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும். குழில பச்சத் தண்ணி ஊத்தி ஒரு நாள் தொறந்து வெச்சா காத்து போய்டும்றாங்களே, நெஜமா? மேஸ்திரி ஃபோன்ல காட்டறாரு. வீடியோ இருக்கு."

நான் மகளிடம் கொடுத்தேன். முன்பெல்லாம் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவள். இந்த முறை கேள்வியை முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுண்ணா. மீட்டர் வெச்சிப் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. வீடியோ எடுத்தவர் உங்க குழியப் பாக்கல. நீங்க எறங்காதீங்க."

"நான் எறங்கல பாப்பா. ஒரு வாட்டி போதும். ஆனா நான் மாட்டேன்னா நாளைக்கு வேற ஆள எறக்குவாங்க. பீகார் பையன் ஒருத்தன் இருக்கான். தமிழே வராது அவனுக்கு."

"எந்த எடம்ணா அது? எந்த ஊரு?"

மறுமுனையில் அவர் தயங்கினார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"என் பேரு வரக் கூடாது பாப்பா."

"வராது. ஊரச் சொல்லுங்க. மேஸ்திரி யாரு? நாளைக்கு எத்தன மணிக்கு எறக்குறாங்க?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். கணவர் அதற்குள் இன்ஜினியருக்கு அடித்து, அவர் எடுக்கும் வரை வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். எடுத்தார். மீட்டரோடு காலையிலேயே வருவதாகச் சொன்னார். அந்த மேஸ்திரி கேட்பாரா, கேட்டைத் திறப்பாரா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இந்தியில் 'இறங்காதே' என்பதை எப்படிச் சொல்வது என்று மகள் என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அவள் கைப்பேசியில் தேடினாள். பிறகு, அது சரிதானா என்று உறுதிசெய்துகொள்ள, பக்கத்துத் தெருவில் இந்தி தெரிந்தவர் வீட்டுக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.